மூடிமேல் கங்கு

சைகோனின் மதிய வெயில் அடுக்களைச் சன்னல் வழியாகச் சாய்ந்து விழுகிறது. தெருவில் ஒரு சிக்லோ, மிதி ரிக்‌ஷா, மணியடித்துப் போகிறது. எங்கோ உயரத்தில் ஹெலிகாப்டர் கடகடக்கிறது. தனக்கொடி கரியடுப்பின் முன் குந்தியிருக்கிறாள். இங்கே குடியிருக்கும், மனைவியை இழந்த கஸ்தோனுக்கு இரண்டாந்தாரமாகக் காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து இருபது நாளாகிறது. அவருடைய எட்டு வயது மகள் ஜெனேவியேவ் இன்னும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள். வாத்து முட்டையும் தேங்காய்ப்பாலும் அடித்து ஊற்றிய கேக்குச் சட்டியைத் தனக்கொடி திறந்து பார்க்கிறாள். அடி சிவந்த வாசனை வருகிறது; மேலே மாவு பச்சையாய்த் தளும்புகிறது. “இது புட்டு இல்ல. மூடிமேலயும் கங்கு வைக்கணும்,” என்கிறது வாசற்படியிலிருந்து ஒரு சின்னக் குரல். தனக்கொடி திரும்பவில்லை; திரும்பினால் குரல் நின்றுவிடுமோ என்று பயம். “எனக்குத் தெரியலியே கண்ணு. எத்தனை வைக்கணும்?” “பதினொண்ணு. அம்மா அப்படித்தான் வைப்பாங்க.” குழந்தை இடுக்கியை எடுத்து, நாக்கை ஓரமாய்க் கடித்துக்கொண்டு, தகர மூடியின் விளிம்பைச் சுற்றிக் கங்குகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். சாம்பல் வெயிலில் மெல்லப் பறக்கிறது. பத்தோடு நிறுத்துகிறாள். நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. இடுக்கியைத் தனக்கொடியிடம் நீட்டுகிறாள்.

“நடுவுல நீங்க வைங்க.”