அங்கம்மாவின் முதல் பாத்தி

திருவொற்றியூர்க் கடலோரத் தோட்டத்தில், பாத்தியின் மேல் பூத்திருக்கும் வெள்ளைப் படலம் காலை வெயிலில் மினுங்குகிறது. விரலளவு வளர்ந்த முளைக்கீரை முழுவதும் நுனி கருகிச் சாய்ந்து கிடக்கிறது. அங்கம்மா முந்தானையை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காலடியில், குப்பத்திலிருந்து கொண்டுவந்த மீன் கழிவுக் கூடை. புருஷனின் கட்டுமரம் புயலில் உடைந்த பிறகு, கருவாடு போடும் வேலையை விட்டு இங்கே கீரை போடப் பழகுகிறாள். இந்தப் பாத்தி தேறினால் கிணற்றோர மண்ணை அவளுக்கே குத்தகைக்கு விடுவதாகத் தோட்டக்கார ஹபீபுல்லா சொல்லியிருக்கிறார். அவர் குந்தி உட்கார்ந்து, மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்புகிறார்.

“இன்னாம்மா போட்டே இதுல?”

“கருவாட்டுத் தூளு, பாய். மீனு நல்ல ஒரம்னு நீதானே சொன்னே.”

“மீனுதான் சொன்னேன். உப்பயா சொன்னேன்?”

தூரத்தில் ஆலைச் சங்கு ஊதுகிறது. ஹபீபுல்லா எழுந்து, பக்கத்திலேயே மண்வெட்டியால் ஒரு குழி வெட்டுகிறார்.

“கூடையில கீறத அப்டியே கொட்டு. நல்லா அழுவி மக்கட்டும். அப்பால வெதைக்கலாம்.”

“கெணத்தோர மண்ணு?”

“மொதல்ல இது அழுவட்டும்.”

அவள் உட்கார்ந்து கூடையைச் சாய்க்கிறாள். குடலும் செவுளும் வழுக்கிக்கொண்டு குழிக்குள் விழுகின்றன. ஈக்கள் வந்துவிடுகின்றன. மீனை அழுகவிடாமல் காப்பதையே இத்தனை வருஷமாகச் செய்துவந்த வலது கை, அவளைக் கேட்காமலே, உப்புச் சட்டியைத் தேடிப் பக்கத்து மணலைத் துழாவுகிறது. இடது கையால் அதைப் பிடித்துக்கொள்கிறாள்.