தானாக ஓடும் சண்டை

ஒப்பந்தத்தில் கையெழுத்துக்குப் பதில் குத்தும் முத்திரையை எடுக்கக் குஸுமி பைக்குள் கைவிட்ட நேரம் பார்த்துத் திரையில் சண்டை ஆரம்பித்தது.

யாரும் எதையும் தொடவில்லை. தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் எங்கள் கம்பெனியின் வீடியோ விளையாட்டு தானாகவே ஒரு சண்டை போட்டுக் காட்டும். இரண்டு பக்கமும் இயந்திரமே ஆடும். வழக்கமாக, யார் ஜெயிப்பார்கள் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாது.

இடது பக்கம் எங்கள் கதாநாயகன் தோக்கிச்சி. வலது பக்கம் ஈட்டியோடு நாகிஹோ. அவள் எங்கள் ஆள் இல்லை. குஸுமியின் கம்பெனிக்குச் சொந்தமானவள். முதல் பாகத்தில் எங்களிடம் விருந்தாளியாக வந்து ஆடிவிட்டுப் போனவள்.

இரண்டாம் பாகத்துக்கும் அவள் வர வேண்டும் என்று இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான்.

"வந்தா, சாப்பிட்டா, போனா. அதோட விடு ஹதானோ. நம்ம பிள்ளைங்க எட்டு பேரு வாசல்ல நிக்குதுங்க, விருந்தாளிக்கு நிரந்தரமா பாய் போடணுமா?" என்பார் என் இயக்குநர் இவாகிரி. போன மாதம்தான் அரைமனதாகத் தலையாட்டினார்.

இரண்டாம் பாகத்தில் ஆடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் இன்று ஐந்து மணிக்கு மூடப்படுகிறது. அதற்குள் குஸுமியின் முத்திரை விழாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். நாகிஹோவின் சொந்த விளையாட்டு நின்று பதினோரு வருடம் ஆகிறது. இங்கே இடமில்லையென்றால் அவளுக்கு எங்கேயும் இடமில்லை.

மணி நாலு முப்பத்தைந்து.

இவாகிரி பதறிப்போய்த் திரையை அணைக்கக் கை நீட்டினார். ஏன் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில், இருபதடித் திரையில், இதேபோல் தானாக ஓடிய சண்டையில் நாகிஹோ குப்புற விழுந்தாள். குஸுமி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து எங்களுக்கு ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை.

"இருக்கட்டும், பாப்போம்" என்றார் குஸுமி.

முத்திரையை மூடியோடு மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் சிவப்பு மைப்பெட்டி திறந்தே இருந்தது.

தோக்கிச்சி பாய்ந்தான். நாகிஹோ ஒரு அடி பின்வாங்கினாள். இவாகிரி பார்லித் தேநீர்க் கோப்பையை எடுத்துக் குடிக்காமலே கீழே வைத்தார். அறைக்குள் குளிர்சாதனம் ஓடியும் அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது.

ஈட்டி சுழன்றது. தோக்கிச்சி மல்லாக்க விழுந்தான்.

இவாகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா சார், உங்க பொண்ணு சும்மா பின்னிட்டா!"

குஸுமி சிரிக்கவில்லை. முத்திரையைத் தொடவும் இல்லை.

அடுத்த சண்டை தானாக ஆரம்பித்தது. அவர் பார்வைக்கென்றே தனியாகச் செய்த பதிப்பு அது, எல்லாச் சண்டையிலும் நாகிஹோ உண்டு. இந்தமுறை எதிரில் எங்கள் மல்யுத்தக்காரன். பிடித்தால் விடாதவன். அவன் பிடிக்கவே இல்லை. அரை நிமிடத்தில் தரையில் கிடந்தான்.

மணி நாலு நாற்பத்து நான்கு.

குஸுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"அன்னிக்கு இவ தோத்தது எனக்கு வலிக்கலைங்க. தோத்ததும் பத்து பேரு ஓடிவந்து வரிசையா குனிஞ்சு மன்னிப்பு கேட்டீங்க பாருங்க, அதான் வலிச்சுது. உங்க ஆளு விழுந்தா நீங்க யார்கிட்டயாவது மன்னிப்பு கேப்பீங்களா?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வீட்டு ஆளுங்கன்னா அடிச்சுக்குவாங்க, தோப்பாங்க, மறுபடி எந்திரிப்பாங்க. விருந்தாளிக்குத்தான் எல்லாரும் விட்டுக்கொடுக்கிறது. இன்னொரு தடவை விருந்தாளியா வர்றதுன்னா அவ வரவே வேண்டாம். ஒரே ஒரு தடவை நியாயமா தோக்கட்டும். அந்த நிமிஷமே முத்திரை வெக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

மூன்றாவது சண்டை. எதிரில் எங்கள் கடைசிக் கட்டத்துப் பூதம். விளையாட்டிலேயே பலசாலி, எங்கள் சோதனைக்குழுவையே ஒரு வாரம் அழவைத்தது.

இவாகிரியைப் பார்த்தேன். இரண்டு வருடமாக இவள் வேண்டாம் என்ற மனுஷர், மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார். "விழுடியம்மா, விழுந்து தொலை" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பூதம் கையை ஓங்கியது. குஸுமி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தன் பெண் அடிவாங்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நாகிஹோ குனிந்து தப்பினாள். ஈட்டி ஒருமுறை குத்தியது. பூதத்தின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு பாதியாகக் குறைந்தது.

மணி நாலு ஐம்பத்தொன்று. இன்னும் நாலைந்து சண்டைக்கு நேரம் இருந்தது. அவள் எதிலும் தோற்கப்போவதில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, யாரிடமும் சொல்லாமல், அவளுடைய பலத்தை உச்சத்துக்கு ஏற்றி மற்ற எல்லாருடையதையும் பாதியாகக் குறைத்து வைத்தது நான்தான். வருகிறவர் மனசு நோகக்கூடாதே என்று.