கியர்பொக்ஸின் மௌன விரதம்

“அந்தக் கியர்பொக்ஸில ஒருத்தரும் கை வைக்கப்படாது! சொல்லிப்போட்டன்!”

இராசேஸ்வரி லொறிக்கு முன்னால் வந்து நின்ற நிலையைக் கண்டதும், கீழே மல்லாந்து கிடந்த மெக்கானிக் நிமலன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். புருசன் பெண்சாதி சண்டைக்குள் தலையைக் கொடுப்பதிலும் பார்க்க, லொறிச் சில்லுக்குள் கொடுப்பது பாதுகாப்பு என்பது அவன் அனுபவம்.

“இஞ்சாரும், இது ஒயிலை வடிக்கிற பில்டர். கனடா மச்சானிட்டைச் சொல்லி எடுப்பிச்சது. லொறிக்கு நல்லது,” என்றார் தியாகலிங்கம்.

“வருசக்கணக்கா ஒயிலே மாத்தாத மனுசனுக்கு இப்ப பில்டர் கேக்குதோ? அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு. அது இல்லாட்டி எனக்கு ஒரு வேலையும் ஓடாது. கழட்டினதைப் பூட்டச் சொல்லுங்கோ!”

சொல்லிவிட்டுப் பூக்கூடையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, கோயில் மடத்தில் மாலை கட்டப் புறப்பட்டுவிட்டாள். சைக்கிள் ஒழுங்கை முடக்கில் மறையும்வரை காத்திருந்த தியாகலிங்கம் குனிந்து, “பூட்டும் நிமலன், புதுசைப் பூட்டும்!” என்றார்.

அந்தக் கியர்பொக்ஸின் சத்தம் சாதாரணச் சத்தமல்ல. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் லொறி ஓர் ஊளை விடும். வேலணையில் விட்டால் எழுவைதீவில் வலை இழுப்பவர்கள் தலை நிமிர்வார்கள். குறிகட்டுவானில் படகு கட்டியிருப்பவர்கள் புயல் வருகிறதென்று இன்னொரு கயிறு போட்டுக் கட்டுவார்கள். அப்போதெல்லாம் தியாகலிங்கத்துக்கு அது பெருமைதான்.

அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியதும் வந்தது வினை. தீர்த்தம் முடியும்வரை வீட்டில் மீன், நண்டு என்று ஒரு மச்சமும் கிடையாது. இராசேஸ்வரி மீன் சட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் ஏற்றியிருந்தாள். வாழைக்காயும் பூசணிக்காயும் தின்று தின்று தியாகலிங்கத்துக்குக் கனவிலெல்லாம் நண்டு ஊர்ந்தது. பக்கவாட்டில் ஊர்ந்து வந்து, “என்னை மறந்திட்டியளோ?” என்று கேட்டது.

சாட்டிக் கடற்கரையில் மேரிஜோசப்பின் என்பவளின் கடையில் நண்டுக் கறி உண்டு. அந்தப் பக்கம் லொறியைத் திருப்பும்போதெல்லாம் வளைவில் கியர் இறக்க வேண்டும். இறக்கினால் ஊளை. ஊளை அடங்குவதற்குள் இராசேஸ்வரியின் போன் வரும்.

“சாட்டிப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை? விரத நாளில கடைவாசல் மிதிக்கப்போறியளோ? திருப்புங்கோ லொறியை!”

“மடத்தில இருந்து வளைவு மூண்டு கட்டை தூரம், நிமலன்!” தியாகலிங்கம் லொறிக்குக் கீழே பார்த்துப் புலம்பினார். “அங்க மேளம் அடிக்கிறாங்கள். பெண்டுகள் எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்கினம். அதுக்குள்ள என்ர கியர் கேக்குதாம். காதோ அது, நேவிக்காரன்ர றேடாரோ?”

“விரதத்தால வாற சக்தி அண்ணை,” என்றான் நிமலன் பயபக்தியோடு.

பழைய ஒயில் பனங்கட்டிப் பாகு மாதிரி இழுபட்டு வந்தது. அதற்குள் இரும்புத்தூள் மினுங்கியது. நிமலன் பால்மா ரின் அளவிலிருந்த பில்டரையும் ஒரு சின்ன பம்பையும் லொறியின் அடிச்சட்டத்தில் இறுக்கினான். கியர்பொக்ஸின் அடித்துளையில் ஒரு குழாய், மேல்துளையில் ஒரு குழாய்.

“அடியால ஒயிலை இழுக்கும், தூளைப் பில்டர் பிடிச்சு வைக்கும், சுத்தமான ஒயில் மேலால திரும்பிப் போகும். புது ஒயில் நல்ல தடிப்பு. தேய்ஞ்ச கியர்ப் பல்லு முளைக்காது அண்ணை, ஆனால் சத்தம் அமரும்.”

“வளைவில ஊளை வராதோ? அதைச் சொல்லும்.”

“பூனை முனகின மாதிரித்தான் இருக்கும்.”

அடுத்த நாள் பின்னேரம் இராசேஸ்வரி மடத்துக்குப் போனதும் தியாகலிங்கம் லொறியை எடுத்தார். சாட்டி வளைவு வந்தது. அம்மனை மனதில் நினைக்க வெட்கமாக இருந்ததால் நிமலனை நினைத்துக்கொண்டு கிளச்சை மிதித்து, இரண்டாம் கியருக்கு இறக்கினார்.

சத்தமே இல்லை. தரவை வெளியில் நின்ற கொக்கு திரும்பியும் பார்க்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தார். அதுவும் ஊமை. தியாகலிங்கம் கியர்த் தடியைத் தடவி ஒரு கொஞ்சு கொஞ்சினார். சாணி மிதிக்காமல் நடப்பவரைப் போல லொறியை மெல்ல உருட்டிக் கடைவாசலில் நிறுத்தினார். முருங்கையிலை போட்டு இறக்கிய நண்டுக் கறி வாசம் இரு கரம் நீட்டி அவரை இழுத்தது.

அகப்பையோடு வாசலுக்கு வந்த மேரிஜோசப்பின் அவரைக் கண்டதும் பேய் கண்டவள் போல நின்றாள்.

“என்ன பிள்ளை, வாங்கோ எண்டும் சொல்லமாட்டீரோ?”

“அண்ணை... நீங்கள்... ஒரு சத்தமும் இல்லாமல்...” அவள் உள்பக்கம் திரும்பி அழாக்குறையாகக் கத்தினாள். “அக்கா, நான் என்ன செய்யிறது? வளைவில ஊளை கேட்டாத்தானே நீங்கள் இஞ்ச இருந்து போன் எடுத்து மனுசனைத் திருப்பி அனுப்புறனீங்கள்! இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லையே!”

உள்ளே, நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய நண்டுக்காலுமாக இருந்த இராசேஸ்வரி, கடித்ததை உறிஞ்சி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“கதவைச் சாத்திப்போட்டு வந்து இருங்கோ. கொடியேறின நேரத்தில ஆரும் கண்டால் உங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”