நெருப்பில்லாத அடுப்பு

வெள்ளவத்தைக் கடற்கரையை ஒட்டிய வீட்டின் குசினியில், குளிர்ந்து கிடக்கும் அடுப்பின் முன் பலகை போட்டு அமர்ந்து றஸ்மியா ஊதுகுழலை ஊதிக்கொண்டிருக்கிறாள். வெளியே யுத்தச் சங்கு அலறுகிறது. ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுப் போன பிறகு, ஒத்திகைக்கு ஊதினாலும் ஊரே நடுங்குகிறது. அவளுடைய ஏழு மாத வயிறு கல்லாக இறுகுகிறது. முன்பொரு நாள் சங்கு அலறியபோது ஈரத் தேங்காய் மட்டையை ஊதிக்கொண்டிருந்தவள், நெருப்புப் பற்றுவதற்குள் தன் நெஞ்சுப் படபடப்பு அடங்கியிருந்ததைக் கவனித்தாள். அன்று முதல் சங்கு ஊதினால் அவளும் ஊதுகிறாள். மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விடுகிறாள். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயிலில் சாம்பல் எழுந்து மிதக்கிறது. வயிறு இளகுகிறது. உள்ளே பிள்ளை புரண்டு படுக்கிறது.

காலி வீதி என்ற பெருந்தெருவிலுள்ள தன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த கணவன் ஸவாஹிர் குசினி வாசலில் நின்று மூச்சு வாங்குகிறான். "நெருப்பில்லாத அடுப்ப என்னத்துக்குப் புள்ள ஊதுற?" "அடுப்புக்கில்ல, எனக்கு. பயம் வந்தா இத ஊதுவன், அடங்கிரும்." அவன் மூச்சு இன்னும் அடங்காததைப் பார்த்தவள், குழலின் வாயை முந்தானையால் துடைத்து நீட்டுகிறாள். "நீங்களும் ஊதிப் பாருங்க." முதல் ஊதலிலேயே சாம்பல் பறந்து அவன் தாடியெல்லாம் வெள்ளை. "மெதுவா," என்று சிரிக்கிறாள். அவன் மறுபடியும் ஊதுகிறான். மெல்ல மெல்லத் தோள்கள் இறங்குகின்றன. ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் சங்கும் ஊதி ஓய்ந்து, கடலிரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. "தேத்தண்ணி வைக்கணும், குழலத் தாங்க." ஸவாஹிர் குழலை வாயிலிருந்து எடுக்கிறான். "கொஞ்சம் பொறு புள்ள," என்று சொல்லி மறுபடி வைத்துக்கொள்கிறான்.