சாக்ஸ் போடத் தெரியாதவள்

“சாக்ஸ் தானாப் போட்டுக்குவாளா?”

“முடியாதும்மா.”

“கொஞ்சம் கஷ்டப்பட்டாவது?”

“சுத்தமா முடியாது.” லஸ்ஹர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். ஸ்ஃபாக்ஸ் நகரத்து ரொட்டிக்கடை ஒன்றில் இரவெல்லாம் அடுப்படியில் நின்றவர். பக்கத்தில் ஒன்பது வயது மகள் தஸ்னீம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் ராவுதா ‘முடியாது’ என்று குறித்தாள். பிறவியிலேயே மூட்டுகள் விறைத்த பிள்ளைகளால் எதெல்லாம் முடியும் என்று வருடா வருடம் அளக்கும் படிவம் அது. அளவு குறைந்தால் பள்ளிக்கூடத்தில் துணைக்கு ஓர் ஆள் கிடைக்கும்.

அதற்காகவே புளுகும் பெற்றோரை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

“நீங்க வெளியில இருங்க. நான் பிள்ளைகிட்டயே பார்த்துக்கறேன்.”

தஸ்னீமிடம் ஒரு ஜோடி சாக்ஸைக் கொடுத்து, ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

தஸ்னீம் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. சாக்ஸின் வாயைப் பல்லால் விரித்துத் தரையில் போட்டாள். கால் கட்டைவிரலை நுழைத்தாள். மடங்காத மணிக்கட்டுகளால் தேய்த்துத் தேய்த்து மேலே ஏற்றினாள்.

இரண்டு காலும் சேர்த்து மூன்று நிமிடம் பத்து விநாடி.

“அடிக் கள்ளி! உங்க பாபா முடியாதுங்கறாரு?”

“அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்கக்கா. ராத்திரி பூரா அடுப்படி, பகல் பூரா தூக்கம். காலையில எனக்கு சாக்ஸ் மாட்டும்போதுதான் பாபா என்கூடப் பேசுவாரு. நானே போட்டுக்கிட்டா நேரே படுக்கப் போயிடுவாரு.”

ராவுதா ‘முடியாது’வை அடித்து ‘முடியும்’ என்று எழுதினாள். தஸ்னீமை எடை பார்க்க அனுப்பிவிட்டு, லஸ்ஹரை உள்ளே கூப்பிட்டுப் படிவத்தைக் கையெழுத்துக்கு நீட்டினாள்.

அடித்த இடத்தில் அவர் கண் நின்றது. “போட்டுக் காட்டிட்டாளா? எவ்ளோ நேரம்?”

“மூணு நிமிஷம் பத்து செகண்ட்.”

“வீட்ல இன்னும் வேகமாவே போடுவா.”

ராவுதா நிமிர்ந்தாள். “அப்போ உங்களுக்குத் தெரியுமா?”

“ரமலான்லேருந்தே தெரியும்மா. விடியக்காலை வந்து கதவிடுக்குல பார்ப்பேன். போட்டுப் பார்த்துக்கிட்டிருப்பா. என் செருப்புச் சத்தம் கேட்டதும் உருவி எறிஞ்சுட்டு, ‘பாபா, சாக்ஸ்!’னு கத்துவா.”

“பின்ன எதுக்கு என்கிட்ட முடியாதுன்னீங்க? துணை ஆளுக்காகவா?”

“ஆளெல்லாம் வேணாம், நீங்க உள்ளதையே எழுதுங்க. அப்போ அவ பக்கத்துல உக்காந்திருந்தாளேம்மா...” லஸ்ஹர் கையெழுத்துப் போட்டார். “எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாளையிலேருந்து அவளே போட்டுக்குவாளே!”