சைரன் நிற்பதற்குள்

சைரன் ஒலித்தபோது எலெக்ட்ரீஷியன் கலவை டிரம்முக்குள் மல்லாந்து படுத்திருந்தான்.

வேறு ஏதோ மெஷின் என்றுதான் முதலில் நினைத்தான். முதுகுக்குக் கீழே இரும்பு அதிர்ந்ததும் புரிந்தது. ஒலிப்பது இந்த டிரம்மின் சைரன்தான்.

ஒரு லாரியை உள்ளே நிறுத்திவிடலாம், அவ்வளவு பெரிய டிரம். நடுவில் ஓடும் தண்டு நெடுக ஆள் உயரத் தகடுகள். காய்ந்த பொடியின் நெடி. நெற்றி டார்ச் திரும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

சூடு பார்க்கும் சென்சார் கெட்டுப்போய்க் காலையிலிருந்து வேலை நின்றிருந்தது. புதியதை மாட்டி, வயரை இணைத்துவிட்டு, சென்சாரின் மேல்மூடித் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டிருந்தான்.

தகடுகள் சுற்றப்போகின்றன, விலகிப் போங்கள் என்பதற்கான சைரன் அது. அது நின்ற அடுத்த கணம் தகடுகள் கிளம்பும்.

முடியாதே. மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தானே உள்ளே வந்தான்? சட்டைப் பையைத் தடவினான். சாவி இருந்தது.

சாவி இங்கே இருக்க, பூட்டை எப்படித் திறந்தார்கள்?

“உள்ள ஆள் இருக்கேன்! நிறுத்துங்கய்யா!”

சைரன் அந்தக் குரலை விழுங்கிவிட்டது. வெளியே காவலுக்கு ஓர் ஆள் கேட்டதற்கு, இந்தச் சின்ன வேலைக்கா என்று சூப்பர்வைசர் சிரித்திருந்தார்.

வெளியேறும் துவாரம் தகடுகளுக்கு அப்பால், டிரம்மின் மறுகோடியில் இருந்தது. வரும்போது ஒவ்வொரு தகடையும் உடம்பை ஒடுக்கித்தான் தாண்டியிருந்தான். இப்போது ஓடினால் சைரன் நிற்கும்போது சரியாக இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பான்.

தொடையில் சூடாக ஏதோ பரவியது. அது என்னவென்று அவனுக்கு உறைக்கவில்லை.

கண் சென்சாரின் மூடியில், அதிலிருந்து வெளியே வரும் வயரில் நின்றது.

இந்தச் சென்சாரிலிருந்து சிக்னல் போனால்தான் மெஷின் கிளம்பும். காலையிலிருந்து அது கிளம்பாததே அதனால்தான். சற்றுமுன் அவனே இணைத்த வயர்தான் இப்போது அவனைக் கொல்லப் பார்க்கிறது.

கட்டிங் பிளேயரை எடுத்தான். அவசரத்தில் அது வெறும் காற்றைக் கடித்தது. மறுபடி நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

வயர் அறுந்தது.

சைரன் நின்றது.

கண்களை இறுக மூடிக்கொண்டு தகடுக்காகக் காத்திருந்தான். வரவில்லை. அவன் மூச்சு மட்டும் டிரம் முழுக்கக் கேட்டது.

எப்படி ஊர்ந்து வெளியே வந்தான் என்று தெரியாது. சுவிட்ச் அறைக்குள் நுழைந்தபோது அவனுடைய பூட்டு துண்டாகித் தரையில் கிடந்தது. அதை வெட்டிய நீளக் கட்டர் ஃபிட்டரின் கையில் இருந்தது. தினமும் மச்சான் மச்சான் என்று ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவன்.

பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“கொல்லவா பாத்தே? என்னைக் கொல்லவா பாத்தே?”

ஃபிட்டர் பிடியை விடுவித்துக்கொள்ளவில்லை. பேயறைந்தவன் போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்கத்தில் மெஷின் ஆபரேட்டரோடு நின்ற சூப்பர்வைசர்தான் வாயைத் திறந்தார்.

“நீ இன்னும் கிளம்பலையாப்பா?”

“எங்க?”

“உன் வீட்லேர்ந்து போன் வந்துச்சே. கேட்டதும் நீ ஓடிட்டேன்னு... சென்சார் சிக்னல் வேற வந்துருச்சா, வேலைய முடிச்சிட்டுத்தான் போயிருக்கே, அந்த நெலமைல பூட்டை எடுக்க மறந்திருப்பேன்னு நெனச்சோம்...”

பாதியில் நிறுத்திவிட்டு ஆபரேட்டரைப் பார்த்தார். ஆபரேட்டர் ஃபிட்டரைப் பார்த்தான். ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டான். போனில் வந்த செய்தியை அவனிடம் மற்றவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டார்கள்.

எலெக்ட்ரீஷியனின் பிடி தானாகத் தளர்ந்தது.

சூப்பர்வைசர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

காலையில் அவன் கிளம்பும்போது அம்மா வாசலில் இருந்தாள். மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள், அவன் காதில் வாங்கவில்லை. மகள்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போனது யார் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.