ஓய்வு வாரம்

மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கணவனின் வலது கால் அவள் மடியில் கிடக்கிறது. மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த கால். கட்டைவிரலில் நகமில்லை, குதிகாலில் திராட்சை அளவுக்குக் கொப்புளம். அவள் ஊசியை வெந்நீரில் முக்கி எடுக்கிறாள். அவன் காலண்டரை விரித்து வைத்து, அடுத்த பருவத்துப் பந்தயங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறான். குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. "ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கேக்கறாங்க," என்கிறாள், அடிவயிற்றை ஒரு கையால் அழுத்தியபடி. அவன் தாள்களைப் புரட்டுகிறான். "பெரிய பந்தயம் முடிஞ்சதும் எனக்கு ஓய்வு வாரம். எப்படியும் சும்மாதான் இருப்பேன், அப்ப வச்சுக்கலாம்." பெரிய மனசோடுதான் சொல்கிறான். "அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே." "வலியைத் தாங்கப் பழகணும். நான் விடிய விடிய ஓடலையா?" பேனாவை மூடிவிட்டுப் பென்சிலால் அந்த வாரத்தின் மூலையில் 'ஆபரேஷன்' என்று எழுதுகிறான். "அது மட்டும் ஏன் பென்சில்ல?" "என் கால் அப்ப எப்படி இருக்குமோ. தேவைப்பட்டா அழிச்சுக்கலாம்ல." அவள் குனிந்து ஊசியைக் கொப்புளத்தில் வைக்கிறாள். வெதுவெதுப்பான நீர் அவள் விரலில் வழிகிறது. அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான். "மெதுவா. வலிக்குதுல்ல."